சேரம்பாடியிலிருந்து மஸ்கெலியாவுக்கு: தோட்டத்தில் விட்டுவந்த அக்காவைத் தேடிப்போன ஒரு குடும்பம்

நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் சேரம்பாடி பக்கம் டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனம்) குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தின் தேடல் இது. 1973-இல் இலங்கை மஸ்கெலியாப் பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்கள். அப்போது பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவரை இங்கே அம்மா என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய மகளும் மகனும்தான் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள். அந்தக் குடும்பத்தோடு நெடுநாள் பழக்கம் என்பதால் காகிதங்களைப் பார்ப்பதற்கும் கூடப் போவதற்கும் என்னை அழைத்தார்கள். அங்கே இன்னும் ஆட்கள் வாழ்வதால் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

இதைப் பதிவு செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இவர்களைப் போல இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். வேலை இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, தாத்தா பாட்டி பிறந்த லயத்தை, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

குடும்பம் இரண்டான கதை

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலங்கை மலையகத்தின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பிரித்த மேசையில் அந்த மக்களில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எண்ணிக்கையில் ஒரு வரியாக இருப்பது குடும்பத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு இவர்கள் கதையே போதும். அம்மாவுக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா. குடியுரிமைக்கு விண்ணப்பங்கள் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் அக்காவுக்குத் தோட்டத்தின் பக்கத்துப் பிரிவில் (டிவிஷனில்) கல்யாணம் நடந்தது. அம்மாவின் அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். அக்காவின் மாமனார் இலங்கைக்கு எழுதிப் போட்டார். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டு விண்ணப்பத்தோடு போய்விட்டாள். சம்பந்திகள் இருவருக்கும் அப்போது சண்டை எதுவும் கிடையாது. அவரவருக்கு எது நல்லது என்று பட்டதோ அதை எழுதினார்கள், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் வந்து பயணம் குறித்த நாளில் அக்கா ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். கோச்சி (ரயில்) கிளம்பியதும் கூடவே ஓடிவந்ததை அம்மா சொல்வார். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. இவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-இல் அங்கே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது. மலையை விட்டு வந்தவர்கள் இன்னொரு மலையில் அதே கொழுந்தைப் பறித்தார்கள்.

1983 வரை கடிதம் வந்தது. ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வரவில்லை. அடுத்த ஆண்டு வாக்கில் கப்பலும் நின்றுபோனது. அக்கா குடும்பம் வன்னிப் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். கலவரத்தில் செத்துப்போய்விட்டார்கள் என்று வேறு யாரோ சொன்னார்கள். இரண்டுமே நடந்திருக்கக் கூடியவைதான். எழுபதுகளிலேயே பஞ்சத்துக்கும் கலவரத்துக்கும் பயந்து மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி போய்க் குடியேறியவர்கள் நிறைய. அதனால் இந்தக் குடும்பம் துக்கத்தையும் முழுதாக அனுசரிக்கவில்லை, நம்பிக்கையையும் முழுதாக விடவில்லை. நாற்பது ஆண்டுகள் அப்படியே இருந்தார்கள்.

கையில் இருந்த காகிதங்கள்

மகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட். தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை. அம்மாவின் பிறப்புச் சான்றிதழ். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஒரு ஸ்டூடியோ படம். வான் கடிதங்கள் சில.

பார்த்தால் போதுமானதாகத்தான் தெரியும். ஆனால் குடும்ப அட்டையில் தோட்டத்தின் பெயர் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அம்மாவின் வயதிலும் மூன்று வருட வித்தியாசம். மகள் இணையத்தில் இரண்டு எழுத்திலும் தேடிப் பார்த்தாள். ஒன்று வேறு மாவட்டத்தைக் காட்டியது, இன்னொன்று எதையுமே காட்டவில்லை.

இன்னொரு குழப்பம் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, சொன்ன கதையால் வந்தது. சம்பள நாளில் ஆற்றங்கரை டவுனுக்கு இறங்கி, கோயிலைச் சுற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போவதாக அவர் சொல்வாராம். வரைபடத்தில் இன்றைய மஸ்கெலியா ஒரு பெரிய நீர்த்தேக்கத்தின் கரையில், மேட்டில் இருக்கிறது. ஊரே தப்போ என்று மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊர் தப்பில்லை. 1969-இல் மவுசாக்கலை அணையில் தண்ணீர் தேக்கியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிவிட்டது. மேலே கட்டியது புது நகரம். தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும். வீட்டிலேயே இருந்த மாமாவை, அதாவது அம்மாவின் அண்ணனை, கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார். ஆனால் மாமா இந்தப் பயணத்தையே விரும்பவில்லை. "அங்க என்னா இருக்கு, போயிப் பாக்க?" என்பதோடு முடித்துக்கொள்வார். தங்கை அழுவதைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

கடிதங்கள்தான் உண்மையான வழிகாட்டி. அனுப்பியவர் முகவரியில் தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரும் மேட்டு லயம் என்பதும் தமிழில் தெளிவாக இருந்தன. அக்காவுக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடம் போன யாரோ ஒரு பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வாங்கியிருக்கிறார். அந்தப் பிள்ளை தோட்டத்தைத் தமிழ் ஆட்கள் அழைக்கும் பெயரால் எழுதியிருந்தது. மலையகத்தில் பல தோட்டங்களுக்கு அலுவலகப் பதிவில் வெள்ளைக்காரன் வைத்த ஒரு பெயரும், லயத்தில் புழங்கும் ஒரு பெயரும் உண்டு. தேடிப் போகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். முடிந்தால் பிரிவு, லயம், வேலையாட்களை மேய்த்த கங்காணியின் பெயர் வரைக்கும்.

தோட்டத்தில்

திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்பு, அங்கே கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஹட்டன். டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா பஸ். அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார், யாரோடும் பேசவில்லை.

முதலில் போனது தோட்ட அலுவலகத்துக்கு. அங்கே இருந்த கிளார்க் தன்மையாக நடந்துகொண்டார், நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். ஆனால் 1973-க்கு முந்தைய செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவு) புத்தகம் எதுவும் அவரிடம் இல்லை. 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992-இல் நிர்வாகத்தைத் திரும்பவும் தனியார் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய புத்தகங்கள் குறைந்துபோயின. நாங்கள் தேடிய தோட்டம் தோட்டமாகவே இப்போது இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. பக்கத்துப் பெரிய தோட்டத்தோடு சேர்த்து அதன் ஒரு பிரிவாக ஆக்கிவிட்டார்கள். இணையத்தில் சிக்காததற்கு அதுதான் காரணம்.

வெளியே வந்து நின்ற ஆட்டோக்காரரிடம் கடிதத்தில் இருந்த தமிழ்ப் பெயரைச் சொன்னதும், "பணியக்கணக்கா, மேக்கணக்கா?" என்று கேட்டார், கீழ்ப் பிரிவா மேல் பிரிவா என்று. எந்த அலுவலகமும் அதுவரை அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

மேக்கணக்கில் இறங்கியதும் அம்மா முன்னால் நடந்தார். பிள்ளைமடுவம் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் இடம்) இருந்த இடத்தில் வேறு கட்டடம். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம் சிறிதாகத் தெரிந்ததாம். தண்ணீர் விழும் பீலிக்கரையில் மட்டும் நின்றுவிட்டார். மூங்கில் பீலிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய், மற்றபடி அதே பாறை, அதே சரிவு. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தார். அந்தப் பாறையில் உட்கார வைத்துத்தான் அக்கா அவருக்குத் தலை குளிப்பாட்டுவாராம். மகளும் மகனும் அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்போது நிறுத்திவிட்டார்கள்.

மேட்டு லயம் அப்படியே இருந்தது. தகரக் கூரை, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை). அவர்கள் குடியிருந்த காம்பராவில் இப்போது வேறு ஒரு குடும்பம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். பாதுகாப்பான ஒரு வீடும் அது நிற்கும் துண்டு நிலமும் இன்னும் இந்த மக்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்பதை அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்க முடியாது. பேசினோம். ஐம்பது வருடம் முன்னால் விட்டுவந்த அறையை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது அம்மாவுக்கு மகிழ்ச்சி. அந்த அறை அப்படியே இருக்கும்படி விட்டுவைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம்.

அந்த வீட்டார் இருபது வருடமாகத்தான் அங்கே இருக்கிறார்கள், பழைய ஆட்களைத் தெரியாது. லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த ஒரு பாட்டியிடம் கூட்டிப் போனார்கள். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், எண்பதை ஒட்டிய வயது. அம்மா தன் அப்பா பெயரைச் சொன்னார். பாட்டி தலையை ஆட்டிவிட்டார், அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்களாம்.

"எந்தக் கங்காணி ஆளுக நீங்க?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. கவ்வாத்து (தேயிலைச் செடி) வெட்டினவர் என்றார். எல்லோரும்தான் வெட்டினார்கள். மகன் உடனே சேரம்பாடிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டு மாமாவைக் கூப்பிட்டான். மாமா முதலில் எரிச்சலோடுதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா காமன் கூத்துல ரதி கட்டுவாரு, அதச் சொல்லு" என்றார்.

மாசி மாதம் காமன் ஊன்றி, மன்மதனையும் ரதியையும் வீடு வீடாக ஆடவிட்டு, பௌர்ணமியில் மன்மதனை எரிப்பது மலையகத் தோட்டங்களில் பெரிய விழா. ரதி வேடம் கட்டுவதும் ஆண்தான். அதைச் சொன்னதும் பாட்டி அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ரதி கட்டுனவரு மகளா நீ? ஏ புள்ள, சின்னவளா? ஒங்கக்கா சாகுற மட்டும் ஒன்னயத்தான சொல்லிக்கிட்டுக் கெடந்தா."

அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி அப்படித்தான் வந்தது. யாரும் தயார்ப்படுத்திச் சொல்லவில்லை. அம்மா பாட்டியின் மடியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பாட்டி ஒப்பாரி எடுத்தார். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். செத்துப் பல வருடம் ஆன ஒருத்திக்கு அன்றைக்குத் தங்கை வந்து அழுதாள் என்று அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அது நடந்தே ஆக வேண்டிய ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அழுது முடிந்து முகம் கழுவிய பிறகு அம்மா கொண்டுபோனவற்றைக் கொடுத்தார். ஊட்டி வர்க்கி, தைலம், ஒரு டேன்டீ தேயிலைப் பொட்டலம். பாட்டி பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். "நீங்களும் நல்லாத்தான் எடுக்குறீங்க" என்றார். கொழுந்தெடுத்தே கிழவியானவர் சொன்ன வார்த்தை. அம்மாவுக்கு அது பட்டம் வாங்கியது மாதிரி இருந்தது, ஊர் திரும்பிய பிறகும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்காவின் பெட்டி

அக்கா வன்னிக்குப் போகவில்லை. கலவரத்தின்போது சில நாள் காட்டுக்குள்ளும் கோயிலிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பிறகு பணியக்கணக்கு லயத்துக்கு மாறியிருக்கிறார்கள். மாமனார் ஆசையோடு எழுதிப் போட்ட இலங்கைக் குடியுரிமை கிடைக்கவில்லை. 1988-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு ஓட்டுரிமை வந்தது. மாமனார் அதற்குள் இறந்துவிட்டார். இந்தியாவுக்கு எழுதியவரும் வந்து சேர்ந்த மண்ணில் அதிக நாள் இருக்கவில்லை.

அக்காவின் மகள் பணியக்கணக்கில்தான் இருந்தார். பாட்டி ஆளனுப்பிக் கூட்டி வந்தார். வந்தவர் அம்மாவைப் பார்த்து "சித்தி" என்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டு அதற்கு மேல் பேச முடியாமல் நின்றார். அவருடைய மகன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறான். திரும்பும் வழியில் அவனையும் பார்த்தோம்.

அக்காவின் தகரப் பெட்டியை அக்கா மகள் திறந்து காட்டினார். ஹட்டனில் எடுத்த அதே ஸ்டூடியோ படத்தின் இன்னொரு பிரதி. அதன் கீழே ஒரு வான் கடிதம், பிரிக்காதது, சேரம்பாடி முகவரிக்கு அனுப்பியது, அந்த முகவரியில் ஆள் இல்லை என்று இந்தியத் தபால் முத்திரையோடு திரும்பி வந்தது. கலவரத்துக்குப் பிறகு எழுதியது அது. அந்தச் சமயத்தில் இவர்களை டேன்டீயில் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்கு மாற்றியிருந்தார்கள். அக்கா எழுதி அது திரும்பி வந்தது, இவர்கள் எழுதியது அவர்கள் லயம் மாறியதால் போய்ச் சேரவில்லை. தங்கச்சி மறந்துவிட்டாள் என்று அக்காவும், அக்கா இல்லை என்று தங்கையும் இருந்திருக்கிறார்கள். கடிதத்தை அங்கேயே பிரித்து மகள் படித்தாள். உயிரோடு இருக்கிறோம், மாடு கன்று போட்டிருக்கிறது, பெரிய மகளுக்கு அம்மை கண்டு சரியாகிவிட்டது, அண்ணனுக்குப் பெண் பார்த்தாயிற்றா. அவ்வளவுதான் இருந்தது. நாற்பது வருடக் கவலைக்குப் பதில் முதல் இரண்டு வார்த்தையில் இருந்தது.

பெட்டியில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. அறுபதுகளுக்கு முந்திய ஒரு மணியார்டர் ரசீது. அம்மாவின் தாத்தா இந்தியாவில் யாருக்கோ பணம் அனுப்பியிருக்கிறார். கிராமத்தின் பெயர் இருந்த மூலை பூச்சி அரித்துப் போயிருந்தது. முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா என்பது மட்டும் படிக்க முடிந்தது. தமிழ்நாட்டுக்கு வந்து ஐம்பது வருடம் வாழ்ந்த குடும்பத்துக்குத் தன் பூர்வீகத் தாலுகா எது என்று மஸ்கெலியாவில்தான் தெரிந்தது. வந்தவர்களைச் சொந்த ஊருக்கு அல்ல, நீலகிரிக்கு அனுப்பினார்கள், அம்மாவின் அப்பாவும் சீக்கிரம் இறந்துவிட்டார். ஊர்ப்பெயர் அவரோடு போய்விட்டது. அங்கேயே தங்கியவர்கள் ஒரு துண்டுச் சீட்டாக அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

அக்காவின் குழி தோட்டத்து மயானத்தில் தைலமரங்களுக்குக் கீழே இருக்கிறது. கல் கிடையாது, அவருடைய மகள் நட்டுவைத்த செம்பருத்திதான் அடையாளம். அம்மாவின் தாத்தா பாட்டியைப் புதைத்த பழைய மயானத்தில் இப்போது தேயிலை நட்டிருக்கிறார்கள். அதில் எந்த இடம் என்று சொல்ல ஆள் இல்லை.

இந்தத் தேடலில் எது பலித்தது

காகிதங்கள் எங்களை மஸ்கெலியா வரைக்கும் கொண்டுபோய்விட்டன, அதற்கு மேல் முடியவில்லை. கடைசி இரண்டு மைல் முழுக்க ஆட்களின் ஞாபகம்தான். பதிவேட்டில் தொழிலாளிக்குப் பெயரும் எண்ணும் இருந்தன. லயத்திலோ அவர் எந்தக் கங்காணியின் ஆள், என்ன வேடம் கட்டினார், யார் வீட்டுக்குச் சம்பந்தி என்பதுதான் அடையாளம். ஆகவே போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் பெயர், வயதோடு நிற்காமல் கூத்து, தப்பு மேளம், கோயில், சண்டை, பட்டப்பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வர மாட்டேன் என்று அடம் பிடிப்பவரிடம்தான் பெரும்பாலும் அதிகம் இருக்கும். போன் எடுக்கும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குடும்ப அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தவறாக எழுதிய பெயரிலேதான் மற்றப் பதிவும் இருக்கும். பிறப்பு, இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றால் அந்தப் பகுதியின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பதிவுப் பிரிவு என்று பழைய சான்றிதழிலேயே இருக்கும், அதன் நகலைக் கையில் கொண்டுபோவது நல்லது. தோட்ட அலுவலகத்துக்கும் போகலாம், ஆனால் அதற்கு முன் கோயில் பூசாரியையும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவரையும் ஓய்வு பெற்ற கொழுந்துக்காரப் பெண்களையும் பாருங்கள்.

இரண்டு அரசுகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கண்டியில் விண்ணப்பம் வாங்கியதும் மண்டபத்தில் ஆள் இறக்கியதும் குடும்பம் குடும்பமாக எழுத்தில் நடந்த காரியங்கள். லட்சக்கணக்கானவர்களைப் பெயர் எழுதிப் பிரித்தவர்கள், அந்தப் பெயர்களை அவர்களின் பேரப்பிள்ளைகள் தேடிப் பார்க்கும்படி திறந்துவைக்கக் கடமைப்பட்டவர்கள்.

அக்காவின் இறப்புச் சான்றிதழுக்கு அவருடைய மகள் விண்ணப்பித்திருக்கிறார். மணியார்டர் ரசீதைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அரித்துப்போன மூலையில் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகள் பட்டி என்று முடிவதாக மகள் சொல்கிறாள். முசிறிப் பக்கம் பட்டி என்று முடியும் ஊர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த முறை மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாகியிருக்கிறது.